பச்சை எரியுது, இறங்கு

அத்தியாயம் 17

குர்ஷித் பேகம் ஒருவழியாக மருமகளின் லேப்டாப்போடு சமாதானமாகிவிட்டாள் என்று போன வாரம் நிம்மதியாக மூச்சு விட்டோம் இல்லையா? அவசரப்பட்டுவிட்டோம்.

பேகம்பூர் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக நாலு வரி. இந்த வீட்டு மருமகள் பர்ஹானா. பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். புருஷன் அப்பாஸ், வத்தலக்குண்டு ரோட்டில் தோல் பதனிடுகிற ஒரு தோல்ஷாப்பில் சூப்பர்வைசர். மாமியார்தான் குர்ஷித் பேகம். "கல்யாணமாகி வந்த புள்ள ஒம்பது மணிக்கு ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டா, வீட்ல சோத்துக்கு வெஞ்சனம் யாரு வெக்கிறதாம்?" என்று பதினாலு வாரம் குதித்த மனுஷி, பதினஞ்சாவது வாரம் அப்படியே மாறிப்போனாள். காரணம் ஒரு பெட்டி.

தோல்ஷாப்பின் பின்பக்கம் கழிவுத் தொட்டி இருக்கிறது. தோலில் சுரண்டிய சவ்வும் முடியும் சுண்ணாம்புத் தண்ணீரும் அதில் கிடந்து அழுகும். உள்ளே விஷக்காற்று கட்டும். அதை அளக்கத்தான் சுவரில் ஒரு பெட்டி மாட்டினார்கள். பெட்டியிலிருந்து ஒரு ஒயர் தொட்டிக்குள் தொங்கும். ஒயர் நுனியில் காற்றை மோந்து பார்க்கிற கருவி. காற்று நன்றாக இருந்தால் பச்சை விளக்கு, கெட்டுப்போனால் சிவப்பு.

பெட்டியைச் செய்து கொடுத்தவன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் விக்னேஷ்குமார். அதற்குப் புரோகிராம் எழுத அவன் எடுத்துக்கொண்டது, பர்ஹானாவின் கம்பெனி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கிற லைப்ரரி. லைப்ரரி என்றதும் அலமாரியும் தூசியும் நினைக்க வேண்டாம். ஒரு இடத்தில் எழுதி வைத்த புரோகிராமை உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துத் தன் வேலைக்கு ஓட்டிக்கொள்ளலாம், அதற்குப் பேர் லைப்ரரி. அதில் நூறு கட்டளை இருக்கும். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம் வேண்டும்: என்ன கொடுக்கணும், என்ன திரும்பி வரும், கோளாறு வந்தால் என்ன ஆகும். அந்தப் பக்கங்களை எழுதுவதுதான் பர்ஹானாவின் உத்தியோகம். டாக்குமென்டேஷன் என்பார்கள்.

குர்ஷித் பேகம் அதைத் தெருவுக்கே விளக்கிச் சொல்லிவிட்டாள். "பிரியாணி மசாலா பாக்கெட்டுக்குப் பின்னாடி போட்டிருக்கும்ல, எத்தன கிலோவுக்கு எத்தன கரண்டின்னு? எம்மருமக அதைத்தான் எழுதுறா. அவ எழுதுனதப் பாத்துத்தான் எம்மவன் உசுரக் காக்குற பெட்டியவே செஞ்சாங்க, மாஷா அல்லாஹ்!"

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நிக்காஹ் வீட்டில் இதை ஏழு பேரிடம் சொன்னாள். பர்ஹானா எண்ணினாள். வெட்கமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

இன்றைக்கு வியாழக்கிழமை. காலை பதினொண்ணேகால்.

புனேயிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் மூன்று வரி எழுதியிருந்தார். வாயுவை அளக்கும் கட்டளையைப் பற்றிய பக்கத்தில், கருவியின் ஒயர் அறுந்துபோனால் மைனஸ் ஒன்று திரும்பி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படி வரவில்லை. கடைசியாக அளந்த எண்ணே திரும்பத் திரும்ப வருகிறது. தவறு என் பக்கமா, உங்கள் பக்கமா?

"உங்க பக்கம்தான் சாமி," என்று முணுமுணுத்தாள் பர்ஹானா. ஒயரைச் சரியாக மாட்டத் தெரியாதவர்கள் வாரத்துக்கு ரெண்டு பேர் இப்படி எழுதுவார்கள். இருந்தாலும் பதில் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை தானே பார்த்துவிடலாம் என்று அலமாரியைத் திறந்தாள்.

மேல் தட்டில் ஒரு பழுப்புக் கவர் இருந்தது. கம்பெனி அனுப்பிய வாயுக் கருவி. கவர் பிரிக்கப்படவே இல்லை.

அதை எடுத்துப் பிரித்தாள்.

கருவியை மேஜைமேல் வைத்து லேப்டாப்போடு இணைத்தாள். திரையில் செகண்டுக்கு ஒரு எண் விழுந்தது. இரண்டு. இரண்டு. மூன்று. இரண்டு. வீட்டுக் காற்று, சுத்தமான காற்று. மெதுவாக ஒயரைப் பிடுங்கினாள்.

இரண்டு. இரண்டு. இரண்டு.

ஒயர் அவள் கையில் இருக்கிறது. கருவி மேஜைமேல் தனியாகக் கிடக்கிறது. திரையில் எண் விழுந்துகொண்டே இருக்கிறது. ஒரு நிமிஷம் பார்த்தாள், ரெண்டு நிமிஷம் பார்த்தாள். மைனஸ் ஒன்று வரவே இல்லை.

எப்படி நடந்தது என்று அவளுக்கு ஞாபகம் வர அதிக நேரம் ஆகவில்லை. பிப்ரவரியில் ரெண்டே வாரத்தில் நாற்பது பக்கம் முடிக்கச் சொன்னார்கள். வெப்பத்தை அளக்கும் கட்டளைக்கு எழுதிய பக்கம் அழகாக வந்திருந்தது. அதை அப்படியே நகலெடுத்து, வெப்பம் என்ற இடத்தில் வாயு என்று மாற்றி, அளவையும் மாற்றினாள். இந்த வேலையில் இருக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். வாயுக் கருவி அப்போது வந்து சேரவில்லை, வந்ததும் சோதித்துக்கொள்ளலாம் என்று விட்டாள். கோளாறு வந்தால் என்ன ஆகும் என்கிற கடைசிப் பகுதி மட்டும் வெப்பத்தினுடையதாகவே நின்றுவிட்டது. மேலே ஒருத்தர் சரிபார்த்து டிக் போட்டார். கருவி மார்ச்சில் வந்தது, அலமாரிக்குப் போனது.

சரி, ஒரு வரிதானே? திருத்திவிட்டால் போச்சு. கட்டளைப் பக்கத்தைத் திறந்தாள், வரியை மாற்றினாள், ஒப்புதலுக்கு அனுப்பினாள். நாலு நிமிஷ வேலை. யாருக்கும் தெரியப் போவதில்லை என்று மனசு சமாதானம் சொன்ன அதே நேரத்தில்தான் செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பாடு ஞாபகத்துக்கு வந்தது.

அப்பாஸ் ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "ஒன் பெட்டி தங்கமான பெட்டி புள்ள. இருபது நாளா நாலுலயே நிக்குது. பச்சைய விட்டு அசைய மாட்டேங்குது."

அவள் சிரித்தாள். அன்றைக்குச் சிரித்தாள்!

இருபது நாளாக ஒரே எண். சாக்கடைக் காற்று எந்த ஊரில் இருபது நாள் ஒரே மாதிரி இருக்கும்? சுண்ணாம்பும் அமிலமும் ஒயரைத் தின்றிருக்கிறது. பெட்டி, ஒயர் அறுந்த அன்றைய எண்ணைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. மைனஸ் ஒன்று வந்தால் சிவப்பு எரிய வேண்டும் என்று விக்னேஷ்குமார் எழுதியிருப்பான். எழுதத்தான் செய்வான். அவளுடைய பக்கத்தில் அப்படித்தானே போட்டிருக்கிறது.

போனை எடுத்தாள். அப்பாஸிடமிருந்து பத்தே முக்காலுக்கு ஒரு மெசேஜ் வந்து கிடந்தது. "தொட்டி மோட்டார் அடைச்சிருச்சு. ஆள் எறக்குறோம். சோத்துக்கு லேட்டாகும்."

கூப்பிட்டாள். மணி அடித்தது, அடித்தது, நின்றது. திரும்பக் கூப்பிட்டாள். எடுக்க மாட்டான் என்று அவளுக்கே தெரியும். தொட்டி வேலை நடக்கும்போது பொறி கிறி பறந்துவிடக்கூடாது என்று எல்லோருடைய போனையும் வாங்கி ஆபீஸ் டிராயரில் வைப்பார்கள். அந்தச் சட்டம் போட்டவனே அப்பாஸ்தான்.

விக்னேஷ்குமாரைக் கூப்பிட்டாள். அவன் கோயம்புத்தூர் பஸ்ஸில் இருந்தான். பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது.

"விக்னேஷ், தோல்ஷாப் பெட்டியில ஒயர் அறுந்தா என்ன ஆகும்?"

"சிவப்பு எரியும்க்கா. மைனஸ் ஒண்ணு வந்தாச் சிவப்புன்னு போட்டிருக்கேன்."

"நீ ஒயரப் புடுங்கிப் பாத்தியா?"

"இல்லக்கா. அதான் நீங்க எழுதியிருக்கீங்கல்ல?"

அவன் குற்றமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான். பர்ஹானா பதில் சொல்வதற்குள் லைன் அறுந்தது. மறுபடி போட்டால் தொடர்பு எல்லைக்கு அப்பால்.

பர்தாவை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டி சாவியைத் தேடினாள். கண்ணுக்கு முன்னால் ஆணியில் தொங்குகிற சாவி கண்ணில் படவில்லை. ஹாலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த குர்ஷித் பேகம் நிமிர்ந்தாள்.

"என்னடி, ஈயாடல மூஞ்சியில? எங்க கெளம்பிட்ட?"

"தோல்ஷாப்புக்கு மாமி. செத்த நேரத்துல வந்துர்றேன்."

"தோல்ஷாப்புல ஒனக்கென்ன வேல?"

பர்ஹானாவுக்கு அழுகைதான் வந்தது. குர்ஷித் பேகம் பூண்டு முறத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். சாவியை ஆணியிலிருந்து எடுத்து மருமகள் கையில் வைத்துவிட்டு, துப்பட்டியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

"ஏறு. போறப்பச் சொல்லு."

போகிற வழியில் சொன்னாள். வெயில் மண்டையைப் பிளந்தது. லாரிக்கும் மினி பஸ்ஸுக்கும் நடுவில் வண்டியை ஓட்டிக்கொண்டே, பாதி அழுகையும் பாதி கத்தலுமாகச் சொன்னாள். மாமியாருக்கு என்ன புரிந்தது, எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. பின்னால் துஆ ஓதுகிற முணுமுணுப்பு மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

"அப்ப பெட்டி பச்சைன்னு பொய் சொல்லுது. அதானே?"

"ஆமா மாமி."

"அது பொய் சொல்றதுக்கு நீ எழுதுனது காரணம்."

"ஆமா மாமி."

குர்ஷித் பேகத்தின் கை மருமகளின் தோளை இறுக்கிப் பிடித்தது. திட்டப் போகிறாள் என்று நினைத்தாள் பர்ஹானா. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"நல்லாக் கேட்டுக்க. தொட்டியில எறங்காம எம்மவன் மேல இருந்தா, நீ யாருகிட்டயும் வாயத் தொறக்கக் கூடாது. பெட்டி ரிப்பேருன்னு மட்டும் சொல்லு. ஒலக வாயி பொல்லாதது. வெரட்டு வண்டிய!"

எம்மவன் மேல இருந்தா. இல்லாவிட்டால் என்ன என்று அவளும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

தோல்ஷாப் கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் ஈஸ்வரன் ஸ்டூலைவிட்டு எழுந்து, "தொட்டி வேலை நடக்குதும்மா, யாரையும் விடக் கூடாதுன்னு மேனேஜரு..." என்று ஆரம்பித்தான்.

"ஏலே ஈஸ்வரா! தொறக்குறியா, இல்ல ஏறிக் குதிக்கவா?" என்றாள் குர்ஷித் பேகம். அறுபத்திரண்டு வயது. ஈஸ்வரன் அவளை ஒரு தடவை பார்த்தான், குதித்தாலும் குதிப்பாள் என்று தோன்றியிருக்க வேண்டும். திறந்துவிட்டான்.

பர்ஹானா வண்டியைப் போட்ட இடம் தெரியாமல் ஓடினாள். ஈரத் தோல் குவியல்களைத் தாண்டி, சுண்ணாம்புக் குழிகளைத் தாண்டி, பின்பக்கத்துக்கு.

அப்பாஸ் மேலேதான் நின்றான்.

யா அல்லாஹ்! தொட்டி வாய்க்குப் பக்கத்தில், கையில் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வேர்வையில் நனைந்த நீலச் சட்டையோடு, உயிரோடு நின்றான். அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அப்புறம்தான் அந்தக் கயிறு எங்கே போகிறது என்று பார்த்தாள். கயிறு தொட்டிக்குள் போயிருந்தது.

"உள்ள யாரு?"

"சங்கிலி. நீ இங்க எதுக்கு...? அம்மா, நீங்களுமா? என்ன ஆச்சு?"

"மேல வரச் சொல்லுங்க. மொதல்ல அவர மேல வரச் சொல்லுங்க!"

பக்கத்தில் நின்ற மேனேஜர் சலித்துக்கொண்டார். "எறங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகலம்மா. பாருங்க, பச்சை எரியுது."

ஆமாம், சுவரில் பெட்டி. குளுகுளுவென்று பச்சை விளக்கு. கீழே சின்னத் திரையில் நாலு என்ற எண். இந்தப் பெட்டி வருவதற்கு முன்னால் ஆள் இறங்கும் நாளில் ஒரு மணி நேரம் காற்றாடி போட்டுக் காற்றை வெளியேற்றுவார்கள். முகமூடி மாட்டுவார்கள். பெட்டி வந்த பிறகு, பச்சை எரியுது, இறங்கு என்று ஆகிவிட்டது. ஆளை இறக்கவே கூடாது என்று சட்டம் வேறு இருக்கிறது. அது இருக்கிற இடத்தில் இருக்கும். கயிறு மட்டும் அப்பாஸின் பிடிவாதம். கயிறு கட்டாமல் தன் ஆளை அவன் இறக்கியதில்லை.

"நாத்தம் வருதா?" என்று கேட்டாள் பர்ஹானா.

"காலையில இருந்துச்சு. இப்ப இல்ல," என்றான் அப்பாஸ். நல்ல சேதி சொல்கிற மாதிரிதான் சொன்னான்.

அந்த விஷக்காற்று அதிகமானால் முதலில் மூக்கைத்தான் கொல்லும். நாற்றம் போய்விட்டால் ஆபத்து வந்துவிட்டது என்று அர்த்தம். அதே லைப்ரரியின் முன்னுரையில், அவள்தான் அதை எழுதினாள். அந்த வரி சரியாகத்தான் இருந்தது.

பேசி நேரத்தை ஓட்ட அவள் தயாராக இல்லை. பெட்டிக்குப் போய், அடியில் செருகியிருந்த ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பாகப் பிடுங்கினாள்.

"ஏம்மா, என்ன பண்றீங்க!" என்று மேனேஜர் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

ஒயர் அவள் கையில். பெட்டியில் பச்சை. நாலு.

அப்பாஸ் அவள் கையிலிருந்த ஒயரைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தொட்டியின் பக்கம் திரும்பி அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"சங்கிலீ!"

இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மேலே இருப்பவன் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், உள்ளே இருப்பவன் "ஓய்" என்று பதில் கொடுக்க வேண்டும். பதினஞ்சு வருஷமாகச் சங்கிலியின் "ஓய்" அந்தத் தொட்டிக்குள்ளிருந்து தவறாமல் வந்திருக்கிறது.

"சங்கிலீ! ஓய், சங்கிலீ!"

உள்ளே தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்பாஸ் கயிற்றைப் பக்கத்திலிருந்தவன் கையில் திணித்துவிட்டு ஏணியில் காலை வைத்தான். பர்ஹானா பாய்ந்து அவன் சட்டையைப் பின்னாலிருந்து ரெண்டு கையாலும் பிடித்தாள்.

"எறங்காதீங்க!"

"விடு புள்ள. என் ஆளு உள்ள கெடக்கான்."

"எறங்கினா ரெண்டு பேரு கெடப்பீங்க. அவரக் கயித்தாலதான் தூக்கணும். தூக்க எறங்குறவன்தான் மொதல்ல போவான். தெரிஞ்சுதான் சொல்றேன், விட மாட்டேன்."

"விடுடி!" அப்பாஸ் அவளை அதுவரை அப்படிப் பேசியதில்லை. உதறினான். சட்டைப் பொத்தான் ரெண்டு தெறித்தது. அவள் விடவில்லை. இன்னொருத்தி புருஷன் உள்ளே கிடக்கிறான், அவன் அங்கே கிடப்பதற்கு நான் காரணம், இருந்தும் என் புருஷனை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இந்த நினைப்பு அவளைச் சுட்டது. அப்பவும் பிடியை விடவில்லை.

"வேடிக்க என்னலே பாக்குறீங்க? இழுங்க கயித்த!" குரல் குர்ஷித் பேகத்துடையது. துப்பட்டி தோளில் நழுவிக் கிடந்தது, கவலைப்படவில்லை. கயிற்றை முதலில் பிடித்து இழுக்க ஆரம்பித்தவள் அவள்தான். அதற்கப்புறம்தான் மற்ற நாலு பேருக்கும் கை வந்தது. மேனேஜரும் பிடித்தார். அப்பாஸும் ஏணியை விட்டுவிட்டுக் கயிற்றுக்கு வந்தான்.

"இழு! இழு! யா அல்லாஹ், இழு!"

நனைந்த கயிறு விரலை அறுத்தது. ஒரு இடத்தில் சங்கிலியின் உடம்பு ஏணியில் மாட்டிக்கொண்டு அசைய மறுத்தது. தளர்த்தி, திரும்ப இழுத்தார்கள். முதலில் தலை தெரிந்தது. பிறகு தோள். சுண்ணாம்பும் சகதியும் பூசிய முகத்தில் உதடு மட்டும் நீலமாக இருந்தது.

தள்ளித் தூக்கிவந்து காற்றில் கிடத்தினார்கள். பர்ஹானா மண்டியிட்டு அவர் நெஞ்சில் கையை வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"இருக்கு," என்றான் அப்பாஸ், காதை வைத்துக் கேட்டு. "மூச்சு இருக்கு. வண்டிய எடுங்கடா!"

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து சொன்னதை மூன்று பேரும் நின்றுகொண்டே கேட்டார்கள். மூச்சு ஓடுகிறது, மெஷினில் வைத்திருக்கிறோம், நினைவு திரும்பவில்லை, நாளைக்குத்தான் எதுவும் சொல்ல முடியும். இன்னும் அஞ்சு நிமிஷம் தாமதமாகியிருந்தால் கொண்டுவந்திருக்கவே வேண்டாம் என்று சேர்த்துச் சொன்னார்.

அந்த அஞ்சு நிமிஷத்தைத்தான் மேனேஜர் போனில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். "அப்பாஸ் சம்சாரம் மட்டும் வரலைன்னா..." என்று ஆரம்பித்து நாலு பேருக்குச் சொன்னதைப் பர்ஹானா கேட்டாள். ஒவ்வொரு தடவையும் குறுகிப்போனாள்.

அப்பாஸ் பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். பொத்தான் இல்லாத சட்டையைக் கையால் பிடித்திருந்தான்.

"எப்படித் தெரிஞ்சுச்சு ஒனக்கு?" என்றான்.

குர்ஷித் பேகம் இந்தப் பக்கத்திலிருந்து அவள் முழங்கையை அழுத்தினாள். வேண்டாம் என்று அர்த்தம்.

"நான்தாங்க தப்பா எழுதிட்டேன்," என்றாள் பர்ஹானா. எல்லாவற்றையும் சொன்னாள். பிரிக்காத கவர், நகலெடுத்த பக்கம், செவ்வாய்க்கிழமை சிரித்தது. சொல்லி முடித்ததும் அப்பாஸ் எழுந்து ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டான். அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் ஒச்சம்மாள் ஓடி வந்தாள். சங்கிலியின் சம்சாரம். ஷிப்ட் முடிந்த பிறகுதான் சேதி சொன்னார்களாம், நூல் மில்லிலிருந்து நேராக வந்திருக்கிறாள், மேலே மாட்டிய மில் கோட்டில் பஞ்சு ஒட்டியிருந்தது. கண்ணாடி வழியாகப் புருஷனைப் பார்த்து, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு செத்த நேரம் நின்றாள். பிறகு திரும்பி நேரே பர்ஹானாவிடம் வந்தாள். யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

"தாயி, நீதான் ஓடியாந்தியாம்ல?" அவள் பர்ஹானாவின் ரெண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எங்க குலசாமி மாதிரி வந்த தாயி. எம்புட்டுக் கும்புட்டாலும் தகும். ரெண்டு பொட்டப் புள்ளைகளுக்கும் அப்பன மிச்சம் வெச்சியே!"

கண்ணீர் விரலில் சூடாக இறங்கியது. மாமியார் தலையை அசைக்கிறாள், வேண்டாம், வேண்டாம். ஜன்னலில் நின்ற அப்பாஸ் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பர்ஹானாவுக்கு ஆஸ்பத்திரி சுவர் சுற்றியது. இப்போது பேசாமலிருந்தால் சாகிற வரைக்கும் இந்தக் கை தன் கையிலேயே இருக்கும் என்று தோன்றியது.

"என்னயக் கும்புடாதீங்கக்கா. அந்தப் பெட்டி பச்சை காட்டுனது என்னாலதான்."

ஒச்சம்மாள் புரியாமல் பார்த்தாள்.

"அந்தப் பெட்டிய எப்படிச் செய்யணும்னு ஒரு குறிப்பு எழுதுனது நான். அதுல ஒரு வரி தப்பு. அதனால ஒயரு அறுந்தாலும் பெட்டி பச்சைதான் காட்டும். ஒங்க வீட்டுக்காரரு அந்தப் பச்சைய நம்பித்தான் எறங்கினாரு. நான் சோதிச்சுப் பாத்திருந்தா இது நடந்திருக்காது."

பிடித்திருந்த கை மெதுவாகத் தளர்ந்தது. குர்ஷித் பேகம் கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழும் என்று காத்திருந்தாள் பர்ஹானா, விழுந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள். ஒச்சம்மாள் அடிக்கவில்லை. அவள் முகத்தில் கோபம்கூட இன்னும் வரவில்லை. வேறு எதையோ யோசிக்கிற மாதிரி நெற்றியைச் சுருக்கினாள்.

"அப்ப அந்த மாதிரிப் பெட்டி எல்லாமே இப்படித்தானா தாயி?"

"அதே ஆளு செஞ்சிருந்தா... ஆமாக்கா."

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி கட வெச்சிருக்கானே, அந்தத் தம்பியா?"

"ஆமா. ஏன் கேக்குறீங்க?"

ஒச்சம்மாள் அப்பாஸைத் திரும்பிப் பார்த்தாள். "பாய், பெட்டி நல்லாருக்குன்னு நீங்கதான சொல்லிவிட்டீக? ரெட்டியார்சத்திரம் கோழிப்பண்ணைக்கு? எந்தம்பி அங்கதான் கழிவுத் தொட்டி அள்ளுறான். உங்க தோல்ஷாப்புல மாட்டுன அதே பெட்டி, போன மாசம் வாங்கி மாட்டிருக்காகன்னான். இனி பயமில்லக்கான்னு சொன்னான்."

அப்பாஸின் முகம் வெளுத்தது.

"இன்னைக்கு அவனுக்குத் தொட்டி முறை," என்றாள் ஒச்சம்மாள். "இப்ப மணி என்ன பாய்?"

அப்பாஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "மூணே காலு."

"மூணு மணிக்கு எறங்குறதாச் சொன்னானே."